இடித்த நிலவறையை மீண்டும் கட்டிய நகரம்: லிவர்பூல், ஒரு நிகழ்வு ஆய்வு

1973 மே மாதம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மேத்யூ தெருவில் இருந்த கேவர்ன் கிளப் மூடப்பட்டது. பழக் கிடங்கு ஒன்றின் அடியில் செங்கல் வளைவுகளோடு அமைந்திருந்த நிலவறை அது. பீட்டில்ஸ் குழு 1961 தொடங்கி 1963 ஆகஸ்ட் வரை 292 முறை மேடையேறியது அங்கேதான். நிலத்தடி ரயில் பாதைக்குக் காற்றுப் போக்கி அமைக்க அந்த இடம் வேண்டும் என்றார்கள். கிடங்கை இடித்தார்கள். நிலவறை இடிபாடுகளுக்குள் புதைந்தது. காற்றுப் போக்கி அங்கே கட்டப்படவே இல்லை. பல ஆண்டுகள் அந்த இடம் வண்டி நிறுத்தும் திடலாகக் கிடந்தது.

பதினொரு ஆண்டுகள் கழித்து அதே ஊர் அதே இடத்தில், பழைய செங்கற்களில் சுமார் 15,000 கற்களைக் கொண்டு, அந்த நிலவறையை மறுபடி கட்டியது. 2001இல் தன் விமான நிலையத்துக்கு பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனின் பெயரைச் சூட்டியது. 2008இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. 2015இல் யுனெஸ்கோவின் இசை நகரங்கள் பட்டியலில் இடம்பெற்றது. 2023இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை நடத்தியது.

இசையால் மீண்ட நகரம் என்று பேச்சு எழுந்தால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று லிவர்பூல். அந்தப் புகழுக்கு அது தகுதியானதுதான். ஆனால் அந்த வெற்றி எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் தவறாகச் சொல்கிறார்கள். பெரிய அரங்குகளையும் திருவிழா ஆண்டுகளையும் காட்டுகிறார்கள். நான் படித்தவரையில் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியதில் வாடகை குறைந்த சிறிய அறைகளுக்கும், அவற்றை விடாமல் பிடித்துக்கொண்ட உள்ளூர் மனிதர்களுக்கும்தான் பங்கு அதிகம். நகர நிர்வாகம் இதை உணர்ந்த காலங்களில் ஊர் எழுந்தது. மறந்த காலங்களில் தன் செல்வத்தைத் தானே இடித்தது. இரண்டும் ஒரே நகரத்தில், சில சமயம் ஒரே ஆண்டில் நடந்திருக்கின்றன. ஆய்வுக்கு இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

ஊர் விழுந்த கதை

1931இல் லிவர்பூலின் மக்கள்தொகை சுமார் 8.5 லட்சம். 2001இல் 4.4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. எழுபது ஆண்டுகளில் ஊரில் பாதி காலியாகிவிட்டது. போர்க் காலக் குண்டுவீச்சும், அதன்பின் மக்களைப் புறநகர்களில் குடியேற்றியதும் தொடக்கக் காரணங்கள். பெரிய அடி துறைமுகத்தில் விழுந்தது. சரக்குப் பெட்டகக் (கன்டெய்னர்) கப்பல்கள் வந்ததும் ஆயிரம் பேர் தூக்கிய சுமையைச் சில பாரந்தூக்கிகள் தூக்கின. அட்லாண்டிக் வணிகம் சுருங்கி ஐரோப்பிய வணிகம் வளர்ந்தபோது, மேற்குக் கரையிலிருந்த லிவர்பூல் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டது. 1846இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் கப்பல்துறை உள்ளிட்ட தெற்குத் துறைகள் 1972இல் மூடப்பட்டுச் சேறு மண்டின. 1981இல் டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலையும் கதவடைத்தது.

அதே 1981 ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதி தீப்பற்றி எரிந்தது. கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும், லிவர்பூல் 8 என்று அஞ்சல் எண்ணால் அழைக்கப்படும் பகுதி அது. வேலையின்மையும் போலீஸ் கெடுபிடியும் சேர்ந்து வெடித்த கலவரம். ஒரு காலத்தில் திரையரங்காகவும் நடன அரங்காகவும் இருந்த ரியால்டோ கட்டடம் அதில் எரிந்து போனது. பிரிட்டனின் பெருநிலத்தில் பொதுமக்கள்மீது போலீசார் கண்ணீர்ப்புகை வீசியது அதுவே முதல் முறை.

அப்போது நிதியமைச்சராக இருந்த ஜெஃப்ரி ஹவ், இந்த ஊருக்குப் பணத்தைக் கொட்டுவது வீண், அதன் வீழ்ச்சியை ஒழுங்காக நிர்வகிக்கும் வழியையும் யோசிக்கலாம் என்ற பொருளில் பிரதமர் தாட்சருக்கு எழுதினார். 2011 இறுதியில் ஆவணங்கள் வெளியானபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது. அரை மில்லியன் மக்கள் வாழும் நகரத்தை மெல்லச் சாக விடலாம் என்று தலைநகரில் ஒரு மேசையில் எழுதியிருக்கிறார்கள். லிவர்பூல்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது குரலில் வரும் அந்தப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கடிதம் உதவும்.

நிலவறைகளும் ஒரு சென்னைத் தொடர்பும்

இந்த ஊருக்கு இசை வெளியிலிருந்து கொண்டுவந்த மருந்தன்று. துறைமுகம் ஈன்ற பிள்ளை அது. அயர்லாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வந்தவர்களின் பாட்டு, மேற்கு ஆப்பிரிக்க மாலுமிகளின் தாளம், நியூயார்க் போய்வந்த குனார்டு கப்பல் ஊழியர்கள் கொண்டுவந்த அமெரிக்க இசைத்தட்டுகள் எல்லாம் இங்கே கலந்தன. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன் முதல் அமெரிக்க கிட்டாரை வாங்கியதே அப்படி ஒரு கப்பல் ஊழியரிடமிருந்துதான். 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் டிரினிடாடிலிருந்து வந்த கலிப்சோ பாடகர் லார்ட் வுட்பைன், 1960இல் பீட்டில்ஸ் குழுவை ஹாம்பர்க் நகருக்கு அழைத்துச் சென்றவர்களில் ஒருவர். அவர் பெயர் வெகுகாலம் யார் வாயிலும் வரவில்லை.

இளைஞர்கள் வாசித்துப் பழக இடம் வேண்டுமல்லவா? கிடங்கின் அடி, வீட்டின் அடி, தேவாலயக் கூடம் என்று கிடைத்த இடமெல்லாம் மேடையானது. இங்கே தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. பீட்டில்ஸின் தொடக்க கால டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் 1941 நவம்பரில் மதராஸில் பிறந்தவர். தாய் மோனா பெஸ்ட் டெல்லியில் பிறந்தவர். போர் முடிந்த ஆண்டில் குடும்பம் கப்பலேறி லிவர்பூல் வந்தது. மோனா தன் நகைகளை அடகு வைத்து 1954 டெர்பி பந்தயத்தில் ஒரு குதிரைமீது கட்டினார், வென்ற பணம்தான் பிறகு வெஸ்ட் டெர்பி பகுதியில் பெரிய வீடு வாங்க உதவியது என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். 1959 ஆகஸ்ட் 29 அன்று அந்த வீட்டின் நிலவறையில் அவர் கஸ்பா காபி கிளப்பைத் திறந்தார். பின்னாளில் பீட்டில்ஸ் ஆன லெனனும் பால் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் அதன் சுவர்களுக்கும் கூரைக்கும் வண்ணம் தீட்டினார்கள். திறப்பு நாளில் வாசித்ததும் அவர்களே.

மோனாவிடம் எந்த அரசுத் திட்டமும் இல்லை, மானியமும் இல்லை. பிள்ளைகள் கூடி வாசிக்க ஓர் அறை வேண்டும் என்று ஒரு தாய் நினைத்தார், வீட்டுக்குக் கீழே இருந்த அறையைத் திறந்துவிட்டார். பண்பாட்டுக் கொள்கை என்ற பெயரில் பின்னாளில் எழுதப்பட்ட எத்தனையோ அறிக்கைகளைவிட அந்த முடிவு அந்த ஊருக்குக் கூடுதலாகச் செய்தது என்பேன். இன்று அந்த நிலவறை பாதுகாக்கப்பட்ட கட்டடம்.

முதலில் விழித்தவர்கள்

1980 டிசம்பரில் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வார இறுதியில் லிவர்பூலின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். தன் பிள்ளைகளை ஊர் பொதுவெளியில் உரிமை கொண்டாடிய நாள் அது. வெளியூர்களிலிருந்து அஞ்சலி செலுத்த வந்தவர்களுக்கோ பார்க்க ஒன்றுமில்லை. மேத்யூ தெருவில் சிற்பி ஆர்தர் டூலி 1974இல் வைத்த ஒரு சுவர்ச் சிற்பம் இருந்தது, எதிரே வெற்றுத் திடல் கிடந்தது.

அந்த வெறுமையை முதலில் நிரப்பியது நகர மன்றமன்று. 1980களில் அது வீடு, வரி, மத்திய அரசோடு மோதல் என்று வேறொரு போரில் இருந்தது. பாப் இசையைக் காட்டிப் பிழைப்பதா என்ற தயக்கமும் பலரிடம் இருந்தது. 1983இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் கேவர்ன் சிட்டி டூர்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கிச் சுற்றுலாப் பேருந்து விட்டார்கள். 1984இல் கேவர்ன் இருந்த இடத்தில் வணிக வளாகம் ஒன்று எழுந்தது. கட்டடக் கலைஞர் டேவிட் பேக்ஹவுஸ் பழைய நிலவறையைத் தோண்டி அப்படியே மீட்கத்தான் விரும்பினார். வளைவுகள் தாங்காது என்று தெரிந்ததால், பழைய இடத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. அதுவும் நிதானமாக ஓடவில்லை. 1989இல் மூடி, 1991இல் அதே சுற்றுலா நிறுவனத்தாரின் கைக்கு வந்தபின்தான் நிலைபெற்றது. 1993இல் தொடங்கிய மேத்யூ தெருத் திருவிழாவுக்குப் பின்னாலும் அவர்களே இருந்தார்கள்.

மறுபக்கம் மத்திய அரசில் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன், ஹவ்வின் யோசனைக்கு எதிராக நின்றார். மெர்சிசைட் வளர்ச்சிக் கழகத்தின் வழியாக ஆல்பர்ட் கப்பல்துறை தூர்வாரிப் புதுப்பிக்கப்பட்டது. 1988இல் டேட் கலைக்கூடம் அங்கே வந்தது. 1990இல் பீட்டில்ஸ் அருங்காட்சியகம் வந்தது. மெக்கார்ட்னியும் ஹாரிசனும் படித்த பள்ளி 1985இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்தது. மெக்கார்ட்னி முன்னின்று 1996இல் அதே கட்டடத்தில் நிகழ்கலைக் கல்லூரியைத் திறக்கச் செய்தார். நேஷனல் டிரஸ்ட் 1995இல் ஃபோர்த்லின் சாலையில் மெக்கார்ட்னி வளர்ந்த நகராட்சி வாடகை வீட்டை வாங்கியது. அரண்மனைகளையும் பண்ணை மாளிகைகளையும் காத்துவந்த அமைப்பு, ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் சமையலறையைக் காக்க முன்வந்தது. ஊர் மக்களுக்கு அது தந்த பெருமிதத்தை எந்த வருவாய்க் கணக்காலும் அளக்க முடியாது.

இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கல்லூரிதான். அருங்காட்சியகம் நேற்றைக் காட்டும். கல்லூரி ஆண்டுதோறும் வெளியூர் இளைஞர்களை ஊருக்குள் கொண்டுவருகிறது. அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், வாசிக்க மேடை வேண்டும், ஒலிப்பதிவு அறை வேண்டும். படிப்பு முடிந்தபின் ஒரு பகுதியினர் அங்கேயே தங்குகிறார்கள். பழைய புகழைப் புதிய தொழிலாக மாற்றும் வேலையை அது செய்தது.

2008

2003 ஜூனில், ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரப் போட்டியில் நியூகாசில்-கேட்ஸ்ஹெட் உள்ளிட்ட நகரங்களை முந்தி லிவர்பூல் தேர்வானது. 2008 ஜனவரியில் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் கூரைமீது நின்று பீட்டில்ஸின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் வாசிக்க, ஆண்டு தொடங்கியது. ஜூனில் ஆன்ஃபீல்ட் கால்பந்து அரங்கில் மெக்கார்ட்னி பாடினார். செப்டம்பரில் லிவர்பூலில் பிறந்த இசை நடத்துநர் சைமன் ராட்டில், தான் நடத்திவந்த பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை ஊருக்கு அழைத்துவந்தார். ஆற்றங்கரையில் புதிய பெரிய உள்ளரங்கும், நகர மையத்தில் லிவர்பூல் ஒன் வணிகப் பகுதியும் அதே ஆண்டில் திறந்தன.

நிகழ்வு ஆய்வு செய்பவர்கள் இந்த ஊருக்கு நன்றி சொல்ல ஒரு காரணம் உண்டு. திருவிழா முடிந்தபின் கணக்குத் தேடாமல், தொடக்கத்திலேயே இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வுக் குழுவை அமர்த்தி, ஆய்வாளர் பியாட்ரிஸ் கார்சியா தலைமையில் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ஆறு ஆண்டுகளில் திட்டச் செலவு சுமார் 13 கோடி பவுண்டு. 2008இல் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்த வருகைகள் 97 லட்சம். அதனால் விளைந்த பொருளாதாரப் பயன் 75.38 கோடி பவுண்டு என்று அறிக்கை கணித்தது. ஊர் முன்பைவிட வாழ நல்ல இடமாகியிருக்கிறது என்று லிவர்பூல்வாசிகளில் 85 சதவீதம் பேர் சொன்னார்கள். பீட்டில்ஸ் மரபைத் தனியாக எடுத்துப் பார்த்த 2016 அறிக்கை ஒன்று, அது ஆண்டுக்கு 8.19 கோடி பவுண்டு ஈட்டுகிறது, 2,335 வேலைகளைத் தாங்குகிறது என்றது.

இந்த எண்களோடு ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2008 உலக நிதி நெருக்கடி வெடித்த ஆண்டும்கூட. ஓராண்டு தள்ளிப்போயிருந்தால் வணிகப் பகுதியும் அரங்கும் பாதியில் நின்றிருக்கலாம். எல்லாப் புகழையும் இசையின் கணக்கில் வரவு வைப்பது நேர்மையாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வளர்ச்சி நிதி இந்த வட்டாரத்துக்கு 1990கள் முதலே பெருமளவில் வந்துகொண்டிருந்தது. நிதி கட்டடங்களைக் கொடுத்தது. அங்கே வருவதற்கு மக்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது இசை.

அதே ஆய்வுக் குழு நகர மையத்தோடு கர்க்டேல் போன்ற தொழிலாளர் பகுதிகளிலும் மக்களைக் கேட்டது. ஊர் மாறுகிறது, ஆனால் மாற்றமெல்லாம் மையத்தில்தான் என்ற குரல் அங்கிருந்து வந்தது. அந்தக் குரலை எடுத்துக்கொண்டுதான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

தன் கையால் இடித்தவை

ரிங்கோ ஸ்டார் 1940இல் பிறந்தது டாக்ஸ்டெத் பகுதியில் மேட்ரின் தெரு 9ஆம் எண் வீட்டில். வேல்ஸ் ஊர்ப் பெயர்கள் தாங்கிய தெருக்களின் நடுவே அது ஒரு வரிசை வீடு. 2002இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுச் சந்தை மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் இந்தத் தெருக்களை இடித்துப் புதிய வீடுகள் கட்ட முடிவானது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேற்றப்பட்டன. சன்னல்களைத் தகடு வைத்து அடைத்தார்கள். விமான நிலையத்துக்கு ஒரு பீட்டிலின் பெயரைச் சூட்டிய அதே பத்தாண்டில், இன்னொரு பீட்டில் பிறந்த தெருவை இடிக்க அதே நகரம் ஆணைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

குடியிருப்பவர்களில் சிலர் நகர மறுத்தார்கள். இடிப்பை விரும்பிய குடும்பங்களும் அங்கே இருந்தன. ஈரம் ஏறிய வீட்டில் பிள்ளை வளர்ப்பவர் புது வீடு கேட்பதில் என்ன தவறு? ஆனால் வீடுகளைச் சரிசெய்தால் போதும் என்று வாதாடியவர்கள், மரபுக் காப்பு அமைப்புகளின் துணையோடு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2012இல் மேட்ரின் தெருவின் சில வீடுகள் தப்பின. 2015 ஜனவரியில் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் இடிப்புத் திட்டத்தையே நிராகரித்தார். பிறகு அந்த வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டார்கள். இன்று அங்கே மீண்டும் குடும்பங்கள் வாழ்கின்றன. இடிக்காமல் சீரமைப்பது நடக்கக்கூடியதே என்று அந்தப் போராட்டக்காரர்கள் சொன்னது உண்மையாயிற்று. இடையில் சிதறடிக்கப்பட்ட அக்கம்பக்கம் திரும்பவில்லை.

டாக்ஸ்டெத்தின் இழப்பு அதோடு முடியவில்லை. அப்பர் பார்லிமென்ட் தெருவில் ஒரு காலத்தில் வரிசையாக இருந்த ஆப்பிரிக்கச் சமூக கிளப்புகள் மறைந்துவிட்டன. 1976இல் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்த தி ரியல் திங் குழு இந்தப் பகுதிப் பிள்ளைகளுடையது. சுற்றுலாப் பேருந்துகளின் கதையில் அவர்களுக்கு வெகுகாலம் இடமில்லை. அடிமை வணிகத்தில் செழித்த துறைமுகம் இது. தன் கறுப்பின இசைஞர்களை நினைவுகூர்வது அந்த ஊருக்குக் கூடுதல் கடமை. 1992இல் தொடங்கி செஃப்டன் பூங்காவில் வேரூன்றிய ஆப்பிரிக்கா ஓயே திருவிழா, பல ஆண்டுகள் இலவசமாகவே நடந்து அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தது.

நகர மையத்தில் நடந்தது வேறு வகை. 1992இல் வுல்ஸ்டன்ஹோம் சதுக்கத்தில் தொடங்கிய கிரீம் என்ற நடன இரவு, தொண்ணூறுகளில் பிரிட்டன் முழுவதிலிருந்தும் இளைஞர்களை இழுத்தது. பீட்டில்ஸுக்குப் பின் ஊரின் இரவுப் பெயரைக் காப்பாற்றிய இடம் அது. அதே சதுக்கத்தில் கஸிமியர் என்ற அரங்கைக் கலைஞர்கள் தங்கள் கையாலேயே அமைத்து நடத்தினார்கள். ஆள் நடமாட்டம் குறைந்திருந்த அந்த மூலைக்கு இவர்கள்தான் கூட்டம் கொண்டுவந்தார்கள். கூட்டம் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. 2015இல் கிரீம் நடந்த கூடம் தன் கடைசி இரவைக் கண்டது. கஸிமியர் அந்த ஆண்டின் கடைசி இரவோடு மூடியது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. யுனெஸ்கோ இசை நகரப் பட்டம் வந்தது 2015 டிசம்பரில். ஒரே மாதத்தில் பட்டமும் வந்தது, அந்தப் பட்டத்துக்குக் காரணமான மேடைகளில் ஒன்றும் போனது.

இதில் தனியொருவரைக் குற்றவாளியாக நிறுத்த முடியாது. நில உரிமையாளர் விற்றார், கட்டுமானக்காரர் வாங்கினார், மன்றம் விதிப்படி அனுமதி கொடுத்தது. சட்டத்தில் அந்த அறையின் மதிப்பைக் கணக்கில் எடுக்கும் ஒரு வரி இல்லாமல் போனதுதான் குறை. கிளப்பின் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர் இரைச்சல் என்று புகார் கொடுத்தால், பழைய கிளப்தான் கதவடைக்க வேண்டும் என்ற நிலை நாடெங்கும் இருந்தது. இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் 2018இல்தான் மாற்றம் வந்தது. புதிதாக வருபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம். வுல்ஸ்டன்ஹோம் சதுக்கத்துக்கு அது காலம் கடந்த நீதி. பால்டிக் முக்கோணம் என்ற பழைய கிடங்குப் பகுதிக்கு இடம்பெயர்ந்த இசைஞர்கள் இப்போது அதே வாடகை ஏற்றத்தை எதிர்கொள்கிறார்கள். பெருநகர மேயர் ஸ்டீவ் ரோதராம் காலத்தில் அமைந்த இசை வாரியத்தில் இசைத்துறையினரே அமர்ந்து இதைப் பேசுகிறார்கள் என்பது சிறு ஆறுதல்.

இன்னொரு இழப்பையும் சொல்லியாக வேண்டும். 2004இல் உலக மரபுச் சின்னமான துறைமுகப் பகுதி, ஆற்றங்கரைக் கட்டுமானத் திட்டங்களால் 2021இல் அந்தப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. யுனெஸ்கோவின் ஒரு பட்டம் கையில் இருக்க, மற்றொன்று பறிபோனது.

மேற்கு எவர்டனின் வயலின்கள்

இந்த நிகழ்வில் என் மனம் தங்கும் இடம் ஒரு தொடக்கப்பள்ளி. நகர மையத்திலிருந்து நடக்கும் தொலைவில் மேற்கு எவர்டன். இங்கிலாந்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. 2009இல் அங்கிருந்த ஃபெய்த் தொடக்கப்பள்ளியில் ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, ‘இன் ஹார்மனி’ என்ற இசைக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டமா இயக்கம் அதற்கு முன்மாதிரி. முதலில் 84 பிள்ளைகள். அதாவது பள்ளி முழுவதும்.

திறமை உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் இதன் உயிர். எல்லாப் பிள்ளைகளுக்கும் வாத்தியம், எல்லோருக்கும் பாடம், கட்டணம் கிடையாது. ஆசிரியர்களும் கற்றார்கள். கணக்கு வாத்தியாரும் தன்னோடு சேர்ந்து வில் பிடிக்கத் தடுமாறுவதைப் பார்க்கும் குழந்தைக்குத் தவறு செய்வதில் அச்சம் போய்விடும். இசைக்குழுவின் கலைஞர்கள் ஆண்டுக்கொரு முறை வந்து கையசைத்துவிட்டுப் போகவில்லை, வாரந்தோறும் வந்தார்கள். அந்த வட்டார மக்கள் மன்றம் தொடக்கத்திலிருந்தே கூட்டாளியாக இருந்தது. பள்ளி நேரத்துக்குப் பின்னும் பயிற்சி தொடர, பக்கத்தில் கைவிடப்பட்டிருந்த தேவாலயம் ஒன்று ஒத்திகை இடமானது. பிறகு ஆன்ஃபீல்ட் பகுதிப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது.

பிரிட்டிஷ் அரசு அப்போது மூன்று இடங்களில் இந்தச் சோதனையைத் தொடங்கியது. லிவர்பூலில் அது ஊன்றி நின்றதற்குக் காரணம், 1840இல் பிறந்த ஓர் இசைக்குழு அதைத் தன் புறவேலையாக எண்ணாமல் தன் வேலையாகவே ஏற்றதுதான் என்று கருதுகிறேன். ஃபில்ஹார்மோனிக் மண்டபத்துக்குள் நுழைந்தே அறியாத குடும்பங்கள், தங்கள் பிள்ளை அந்த மேடையில் வாசிப்பதைக் கேட்க நுழைந்தன. நகர மையத்தில் கட்டிய எந்தக் கட்டடமும் தராத உரிமையுணர்வு அது. மண்டபம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தப் பெற்றோரிடம் இப்போது வேறு பதில் இருக்கிறது.

ஸ்ட்ராபெரி ஃபீல்டையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். லெனன் சிறுவனாக விளையாடிய தோட்டத்தோடு கூடிய அந்தக் குழந்தைகள் இல்லம் 2005இல் மூடப்பட்டது. 2019இல் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்துவத் தொண்டு அமைப்பு அதைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, கற்றல் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி அளிக்கும் இடமாகவும் அமைத்தது. சுற்றுலாப் பயணியின் டிக்கெட் பணம் உள்ளூர் இளைஞனின் பயிற்சிக்குத் துணையாகிறது. பழம்புகழை இப்படித்தான் செலவழிக்க வேண்டும்.

2023 மே

யூரோவிஷன் போட்டியை நடத்தும் உரிமை உண்மையில் 2022இல் வென்ற உக்ரைனுக்கு உரியது. அந்த நாடு போரில் இருந்ததால் பிரிட்டன் அதன் சார்பில் நடத்தியது. கிளாஸ்கோவை முந்தி லிவர்பூல் தேர்வானது. ஊரெங்கும் நைட்டிங்கேல் பறவைச் சிற்பங்கள், உக்ரைன் கலைஞர்களோடு சேர்ந்த பண்பாட்டு விழா, இடம்பெயர்ந்த உக்ரைனியர்களுக்கு மலிவு விலையில் 3,000 டிக்கெட்டுகள். கூடுதலாக 3,06,000 பேர் வந்தார்கள், 5.48 கோடி பவுண்டு வட்டாரப் பொருளாதாரத்தில் சேர்ந்தது என்று பிந்தைய ஆய்வு கூறியது. எண்ணைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, துயரத்தில் பாடுவது எப்படி என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் 97 பேரை இழந்து, நீதிக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடிவந்த ஊர் அது. விருந்தாளியின் துக்கத்தைத் தன் மேடையில் வைக்க அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் 2019 பற்றாக்குறைக் குறியீட்டில் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளில் மூன்றாவது மிக ஏழ்மையான இடம் லிவர்பூல். பண்பாட்டுத் தலைநகரமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்தும் அதே நிலை. இசை ஏழ்மையை ஒழித்துவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் இந்த வரியைக் காட்டலாம். ஊர் தன்னைப் பற்றி நினைப்பது மாறியது, வெளியூர் அதைப் பார்ப்பது மாறியது, மையத்தில் வேலைகள் வந்தன. கூலியும் வீடும் உடல்நலமும் வேறு கைகளில் இருக்கின்றன.

சென்னை எங்கே பார்க்க வேண்டும்

2017இல் சென்னையும் யுனெஸ்கோவின் அதே இசை நகரப் பட்டியலில் சேர்ந்தது. மார்கழிக் கச்சேரிகளின் புகழ் அதற்கு முதற்காரணம். நம்மிடம் கேவர்ன்கள் இல்லாமலில்லை. வடசென்னையின் கானா, பறை, சாவு வீட்டு மேளம், தேவாலயப் பாட்டுக் குழுக்கள் எல்லாம் அரசுத் திட்டமின்றி வளர்ந்தவை. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவ மக்களோடு டி.எம்.கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் சேர்ந்து விழா எடுத்தபோது, சபா மேடையும் கடற்கரைக் குடியிருப்பும் ஒரே மணலில் அமர்ந்தன. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல்முறையாக மேடையேறியபோது, கானா தன் குரலிலேயே நகரத்தைக் கேட்க வைத்தது.

அதே சென்னை, கரையோரக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. ஒரு தெருவைப் பெயர்த்தால் அதன் மேளக்காரரின் வாடிக்கையும், பிள்ளை நின்று கேட்டுப் பழகிய திண்ணையும் சேர்ந்தே போகும். மேட்ரின் தெருவில் நடந்ததும் இதுதான். யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்க வேண்டும். எத்தனை விழா, எத்தனை பார்வையாளர் என்ற கணக்கு அதில் தானாக வந்துவிடும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பெரும்பாக்கத்திலும் இரவு எட்டு மணிக்கு மேல் இளைஞர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழக மாநகராட்சி எத்தனை அறைகளைத் திறந்துவைத்திருக்கிறது, அவற்றின் வாடகை என்ன, எந்த மாநகராட்சிப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் வாத்தியம் இருக்கிறது என்ற விவரங்களும் சென்னையின் அடுத்த அறிக்கையில் இடம்பெற வேண்டும்.